ஆள் கட்டும் தொழிலை விட்டவர்கள்

கடக்வாஸ்லா, கிர்கட்வாடி, தாயரி வட்டாரத்தில் பல ஆண்டுகளாக ஆள் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரிகளில் சிலர் அந்தத் தொழிலை விட்டுவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் நமது சங்கத்தில் உறுப்பினராகச் சேர மனுக் கொடுத்திருக்கிறார்கள். மூவரில் ஒருவர் கிளைக் கமிட்டியிலும் இடம் கேட்கிறார். இது பற்றி நிர்வாகக் கமிட்டியில் இரண்டு மணி நேரம் காரசாரமான விவாதம் நடந்தது. "முதலை கரையேறிவிட்டால் ஆடாகிவிடுமா?" என்று ஒரு தோழர் கேட்டார். "ஊரில் கஞ்சிக்கு வழியில்லாமல் கிடந்த நம்மை ரயிலேற்றிக் கொண்டுவந்தவர்களை முதலை என்று சொல்ல வாய் எப்படி வருகிறது?" என்று ஒரு பெரியவர் திருப்பிக் கேட்டார். முடிவு ஏற்படாமல் விஷயம் பொதுக்குழுவுக்குப் போயிருக்கிறது. பொதுக்குழு கூடுமுன் என் அபிப்பிராயத்தை இங்கே எழுதிவிடுகிறேன். மறுப்புள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதலாம்.

தொழிலை விட்டார்கள் என்று எழுதினேன். தொழில்தான் அவர்களை விட்டது என்பது இன்னும் பொருந்தும். கள்ளக்குறிச்சியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் முன்போல ஆள் வருவதில்லை. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கிடைக்கிற கூலியை விட்டுவிட்டு மராட்டியத்துக்கு வர இளைஞர்களுக்கு என்ன பைத்தியமா? இன்று தமிழ்நாட்டுக்கே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆள் வருகிறார்கள். சிங்ககட் ரோட்டில் எழும்பும் இருபது மாடிக் கட்டடங்களுக்கும் அவர்கள்தான் செங்கல் சுமக்கிறார்கள். அவர்களுக்கு அவர்கள் ஊர் மேஸ்திரி இருக்கிறார். நம்மூர் மேஸ்திரிக்கு அங்கே இடமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளோ மேஸ்திரிக்கு அடங்குவதாக இல்லை. வேலை வேண்டுமானால் கையிலுள்ள போனில் தாங்களே தேடிக்கொள்கிறார்கள்.

ஸ்டேஷனில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்த மாற்றத்தை நான் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொங்கல் முடிந்த மூன்றாம் நாளே கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். தகரப் பெட்டி, அலுமினியக் குண்டான், சாக்கில் கட்டிய அரிசி, இடுப்பில் குழந்தை. டிக்கெட்டுகள் எல்லாம் ஒருவர் சட்டைப் பையில் இருக்கும். பரிசோதகர் கேட்டால் நாற்பது பேரும் அந்த ஒருவரைக் கை காட்டுவார்கள். டிக்கெட்டை வைத்திருப்பவரே வேலையையும், சோற்றையும், திரும்பிப் போகும் நாளையும் வைத்திருந்தார். அந்தக் கூட்டம் இப்போது குறைந்துவிட்டது.

மேஸ்திரி என்றால் அட்டையாய் ஒட்டி ரத்தம் குடித்தவன் என்று மேடையில் பேசிவிட்டுப் போவது சுலபம். நானும் மேடைகளில் அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் யாரோ ஒரு மேஸ்திரியின் கையைப் பிடித்துத்தான் இந்த ஊருக்கு வந்தவை. மராத்தி ஒரு வார்த்தை தெரியாத பெண்ணைப் பிரசவத்துக்கு சசூன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் மேஸ்திரி. சாரத்திலிருந்து விழுந்து இறந்தவனின் உடலை வண்டி பேசி ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். அதே மேஸ்திரிதான் கட்டட முதலாளியிடம் ஆளுக்கு ஒரு கூலி பேசி, தொழிலாளிக்கு வேறு ஒரு கூலி கொடுத்தார். 40 ஆளுக்கு, ஆளுக்கு 20 ரூபாய் பிடித்தால் நாளுக்கு 800 ரூபாய். கல்லும் சுமக்காமல் மண்ணும் சுமக்காமல் வந்த 800 ரூபாய். ஊரில் கொடுத்த முன்பணத்துக்கு வட்டி தனி. கணவர் ஆள் கட்டுவார், மனைவி அரிசியும் பருப்பும் கடன் கொடுப்பார், இரண்டுக்கும் ஒரே நோட்டு. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடாவில் அந்த நோட்டைத் திறந்து, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம், "உனக்கு வருவது இவ்வளவுதான்" என்று சொன்னால் அவ்வளவுதான்.

அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி. வேலையை விட்டவர் அதையும் விட்டாரா, கையோடு கொண்டுவருகிறாரா?

இந்தக் கேள்வி கடக்வாஸ்லாவில் புதிதாய் முளைத்ததல்ல. தமிழன் கூலிக்காகக் கடல் கடந்த நாளிலிருந்தே இருக்கிறது. இலங்கைக்குக் காப்பித் தோட்டத்துக்கும் பின்பு தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் கட்டிக்கொண்டு போனவர் கங்காணி. சொந்த ஊரில், சொந்தச் சாதியில், சொந்த உறவில்தான் அவர் ஆள் கட்டினார். தோட்டத் துரை கொடுத்த முன்பணத்தை ஊரில் பழைய கடன் அடைக்கவும் வழிச் செலவுக்கும் கொடுத்து, அதைத் தொழிலாளியின் பெயரில் பற்றெழுதினார். தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து போனவர்களில் வழியிலேயே மாண்டவர் எத்தனையோ பேர். பிழைத்துப் போய்ச் சேர்ந்தவருக்குக் கடன் காத்திருந்தது. தோட்டத்தில் பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி. வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று எழுதிய சீட்டுத்தான் அந்தத் துண்டு. மனிதனைக் கடனோடு சேர்த்து விலை பேசிய அந்தச் சீட்டு 1921-ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆள் கட்டும் தொழிலும் ஒரு நாள் முடிந்தது. மலாயாவில் ரப்பர் விலை விழுந்தபோது 1930-ல் ஆள் கட்டுவது நின்றது. பிறகு சில ஆண்டுகள் மெல்ல நடந்து, 1938-ல் இந்திய சர்க்காரின் தடையோடு முற்றுப்பெற்றது. இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போவதை 1939 ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் இந்திய சர்க்கார் தடை செய்தது. அன்றைக்குத் தொழில் இழந்த கங்காணிகள் எங்கே போனார்கள்?

பெரும்பாலோர் எங்கும் போகவில்லை. ஆள் கட்டாமலே கங்காணியாக இருந்தார்கள். மலையில் நின்று வேலை வாங்கினார்கள், தலைக்காசு வாங்கினார்கள். சிலர் தோட்டத்துக்குப் பக்கத்து டவுனில் கடை போட்டு, பழைய ஆட்களையே வாடிக்கைக்காரர்களாகவும் கடன்காரர்களாகவும் வைத்துக்கொண்டார்கள். சிலர் புதுக்கோட்டைச் சீமையிலும் ராமநாதபுரத்திலும் நிலம் வாங்கி மிராசுதார் ஆனார்கள். மிகச் சிலர் தோட்டத்தையே வாங்கினார்கள்.

அப்படித் தோட்டம் வாங்கியவர்களில் ஒருவர் கருப்பையா. இலங்கைக்குக் கூலியாகப் போய், கங்காணியாகி, ரம்பொடையில் வெவண்டன் தோட்டத்துக்கு உடைமைக்காரரானார். அவர் மகன்தான் சௌமியமூர்த்தி தொண்டமான். 1939-ல் நேருவின் முயற்சியால் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. அதன் தொழிற்சங்கம்தான் பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. தொண்டமான் 1947-ல் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1952-ல் அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் நடத்தினார்கள். 1978-ல் அவர் மந்திரியானார். நாடற்றவராய் எஞ்சியிருந்தவர்களில் பெரும் பகுதிக்கு 1988-ல் குடியுரிமைச் சட்டம் வந்ததற்கு அவர் இடைவிடாமல் பேரம் பேசியதே முக்கியமான காரணம். 1999-ல் காலமானார்.

கங்காணியின் மகன், தோட்ட முதலாளி, லட்சக்கணக்கான தொழிலாளர்களின் தலைவர், மூன்றும் ஒரே ஆள். இது எப்படி நடந்தது என்று நம் தோழர்கள் யோசிக்க வேண்டும். ஆள் கட்டுவதற்கு எந்தத் திறமை வேண்டுமோ அதே திறமைதான் சங்கம் கட்டவும் வேண்டும். எந்த லயத்தில் யார் இருக்கிறார், யாருக்கு எந்த ஊர், யார் பேச்சை யார் கேட்பார், யாருக்கும் யாருக்கும் பகை என்பது கங்காணிக்குத் தெரியும். துரையோடு பேசவும் தெரியும். இத்தனையையும் தொழிலாளியின் பக்கம் திருப்பினால் அதுவே சங்கம். ஆனால் எல்லாமே திரும்பிவிடுவதில்லை. ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பார் என்கிற பழக்கமும் கூடவே வந்துவிடும். மலையகச் சங்க அரசியலில் தலைவர் வீட்டு வாசலில் தொழிலாளி கைகட்டி நிற்கிற நிலை நீடித்தது என்று மலையகத்திலேயே குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். அதே மலையகத்தில் கோ. நடேசய்யர் 1930-களில் கங்காணியை எதிர்த்தே சங்கம் கட்டினார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர் கங்காணி அல்ல, தஞ்சையிலிருந்து போன பத்திரிகைக்காரர். அவர் சங்கம் நிலைக்கவில்லை. கங்காணிகளையும் உள்ளே விட்ட சங்கம் நிலைத்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டால், கங்காணியைச் சேர்த்தால் சங்கத்துக்குப் பலம் வரும், கூடவே ஒரு நோயும் வரும் என்று நான் படித்துக்கொண்டேன்.

நம் பக்கத்துப் பம்பாய்க்கு வருவோம். நூல் ஆலைகளில் ஆள் எடுப்பது ஜாபர் கையில் இருந்தது. கொங்கணத்திலிருந்தும் சதாராவிலிருந்தும் வந்தவன் ஜாபருக்குக் கையூட்டுக் கொடுக்காமல் ஆலைக்குள் நுழைய முடியாது. 1931-ல் விட்லி தலைமையிலான ராயல் கமிஷன், ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து பிடுங்க வேண்டும் என்றது. 1935-ல் பம்பாய் ஆலைகளில் பத்லித் தொழிலாளர்களுக்குக் கார்டு கொடுக்கும் திட்டம் வந்தது. கார்டு உள்ளவன் காலையில் வந்து நின்றால் அவனுக்குத்தான் முதலில் வேலை. ஜாபர் போய்விடவில்லை, ஆனால் அவர் கை சுருங்கியது. ஜாபர்களில் கடை வைத்தவர், வட்டிக்கு விட்டவர், சாலில் அறை எடுத்து உள்வாடகைக்கு விட்டவர், பேட்டை தாதா ஆனவர், எலெக்ஷனில் ஓட்டுப் பிடித்தவர் எல்லாரும் உண்டு. வேலைநிறுத்தத்தில் தொழிலாளியோடு நின்றவரும் உண்டு.

இந்த மாநிலத்திலேயே இதற்கு ஒரு மாற்று வழியும் காட்டப்பட்டிருக்கிறது. நம்மவர்கள் அதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் வருத்தம். மூட்டை தூக்குகிற மாதாடித் தொழிலாளர்களுக்காக 1969-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் போராடியவர்களில் முதன்மையானவர் அண்ணாசாஹேப் பாட்டீல். அந்தச் சட்டப்படி அமைந்த வாரியத்தில் தொழிலாளியும் பதிவு செய்கிறார், வேலை கொடுப்பவரும் பதிவு செய்கிறார். தோலி என்கிற குழு அப்படியே இருக்கிறது, முகாதமும் இருக்கிறார். ஆனால் கூலி முகாதம் கையில் போவதில்லை. வாரியத்தில் கட்டப்பட்டு, கணக்கு வழியாகத் தொழிலாளிக்கு வருகிறது. வருங்கால வைப்பு நிதி, போனஸ் முதலியவற்றுக்கும் சேர்த்து லெவி பிடிக்கிறார்கள். நோட்டு முகாதமிடமிருந்து வாரியத்துக்குப் போனதும் முகாதம் தோலியில் ஒரு மூத்த தொழிலாளி ஆகிவிட்டார். வாரியங்களில் ஊழல் உண்டு, மாதாடி என்ற பெயரைச் சொல்லி வசூல் செய்கிறவர்களும் உண்டு, அது வேறு கதை. ஆனால் ஆள் கட்டுகிறவனைத் திருத்த அவன் மனதைத் திருத்த வேண்டியதில்லை, நோட்டை எடுத்துக்கொண்டால் போதும் என்பதை அந்தச் சட்டம் நிரூபித்திருக்கிறது.

நோட்டு கைமாறாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1982-ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு மைதானங்கள் கட்டினார்கள். நாளுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி. அந்தப் பணம் ஜமேதார் கையில் கொடுக்கப்பட்டது. அவர் ஒரு ரூபாயைத் தமக்குப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கத்தினர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே ஆகும் என்று நீதிபதி பகவதி அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தார். அந்த ஒரு ரூபாயைப் பற்றி நினைத்துப் பாருங்கள். நம் மேஸ்திரிகளும் அதைத்தான் பிடித்தார்கள், ரூபாயின் எண்ணிக்கைதான் ஏறியது.

வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-ல் ஒரு சட்டம் செய்தார்கள். ஐந்து பேரைக் கூட்டி வந்தாலே காண்டிராக்டர் லைசென்சு எடுக்க வேண்டும். ஊர் விட்டு வந்ததற்காக மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது இடப்பெயர்வுப் படி. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. போகவர ரயில் கட்டணம், வழியில் கூலி. படித்துப் பார்க்க அருமையான சட்டம். நம் வட்டாரத்தில் இடப்பெயர்வுப் படி வாங்கிய குடும்பம் ஒன்றை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. கேட்டால் மேஸ்திரி முதலாளியைக் காட்டினார், முதலாளி மேஸ்திரியைக் காட்டினார். இப்போது அந்தச் சட்டமும் இல்லை. 2020-ல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததும் பழையது போயிற்று. புதியதில் ஐந்து பத்தாகிவிட்டது, இடப்பெயர்வுப் படி என்பதே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளிலும் 20 என்றிருந்தது 50 ஆயிற்று. 49 பேரோடு வேலை செய்கிற சின்னக் காண்டிராக்டர்கள் இனிப் பெருகுவார்கள். அந்தச் சின்னக் காண்டிராக்டர் வேலைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற பழைய மேஸ்திரியைத்தான்.

ஆகவே, அவர்களைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்திவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நினைக்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். வெளியே நிற்கிற மேஸ்திரி சும்மா நிற்கமாட்டார். இப்போதே பாருங்கள். ஒருவர் சீட்டுப் பிடிக்கிறார். ஒருவர் வட்டிக்கு விடுகிறார். ஒருவர் ரேஷன் கார்டு வாங்கித் தருகிறேன், கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து தருகிறேன் என்று ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிறார். வாரியத்தில் பதிவுக்கு வேண்டியது முந்தைய ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்ததற்கான சான்று. அந்தச் சான்று காண்டிராக்டரிடமோ உள்ளாட்சி அதிகாரியிடமோ வாங்க வேண்டும். அதற்கு வழி தெரிந்தவர் மேஸ்திரி. முன்பு உடம்பை விற்றுக் கமிஷன் எடுத்தவர், இப்போது காகிதத்தை விற்றுக் கமிஷன் எடுக்கிறார். எலெக்ஷன் வந்தால் எந்தக் கட்சிக்காரனும் முதலில் தேடிப் போவது அவரைத்தான். "உங்கள் ஆட்கள் எத்தனை ஓட்டு?" என்றுதானே கேட்கிறார்கள்! அவர் தொழிலை விட்டு வருஷங்கள் ஆனாலும் நாம் இன்னும் "அவர் ஆட்கள்"தான்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாக்கணிலும் ராஞ்சண்காவிலும் ஃபாக்டரிகளுக்கு ஆள் கொடுக்கிற கன்சல்டன்ஸிகளில் நம் வீட்டுப் பட்டதாரிகள் வேலை பார்க்கிறார்கள். கையில் நோட்டு இல்லை, கம்ப்யூட்டர் இருக்கிறது. வேஷ்டி இல்லை, கழுத்தில் பட்டை தொங்குகிறது. மற்றபடி வேலை ஒன்றுதான். மாதத்துக்கு இத்தனை தலை சேர்க்க வேண்டும், சேர்த்த தலை மூன்று மாதம் நிற்க வேண்டும், இல்லையென்றால் இவன் தலை போகும். இரண்டு ஆண்டில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். "அடுத்து எந்த வேலைக்குப் போகலாம் அண்ணாச்சி?" என்று என்னிடமே மூன்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் மெட்ரிக் படித்தவன், பட்டதாரிக்கு யோசனை சொல்வதா என்று தயங்கினாலும், தெரிந்ததைச் சொன்னேன். பி.எஃப். எப்படிப் பிடிக்கப்படுகிறது, ஈ.எஸ்.ஐ. எண் எப்படி விழுகிறது, மஸ்டர் ரோலில் எப்படிப் பெயர் விடுபடுகிறது, எந்தக் காகிதத்தில் முதலாளி மாட்டிக்கொள்வார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும், எங்கள் சங்கத்தில் இது தெரிந்தவர் இரண்டு பேர்கூட இல்லை, பூனா பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் சட்ட டிப்ளமோவை மாலையில் படி, பிறகு தொழிலாளர் கோர்ட்டுப் பக்கம் வா என்றேன். அதில் ஒரு பெண் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். மற்றவர்களில் ஒருவன் டெலிவரி வண்டி ஓட்டுகிறான், ஒருவன் வேறொரு கன்சல்டன்ஸிக்கே போய்விட்டான். அவன் வீட்டுக் கடன் அவனுக்கு.

மேஸ்திரிகளிடமும் இப்படி நமக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. அதைக் குப்பையில் போடக் கூடாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் நம் சேலத்துக்காரர் ஒருவர் ஆறாவது மாடியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்துவிட்டார். நஷ்டஈடு கேட்டபோது, அப்படி ஒரு ஆள் எங்கள் கட்டடத்தில் வேலையே செய்யவில்லை என்று எழுத்தில் பதில் வந்தது. ரெஜிஸ்தரில் பெயரில்லை, பாஸ் இல்லை, கூலிச் சீட்டு இல்லை. அப்போது அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டப்படி, காண்டிராக்டர் வழியாக வந்த ஆளுக்கும் முதன்மை முதலாளி பொறுப்பாகத்தான் இருந்தார். ஆனால் அங்கே வேலை செய்தான் என்று நிரூபித்தால்தானே? அப்போது அவரைக் கூட்டி வந்த மேஸ்திரி தன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தேதிவாரியாக ஆஜர், பற்று, கட்டடத்தின் பெயர், சூபர்வைசரின் கையெழுத்து. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பார்த்ததும் பேச்சு வார்த்தைக்கு வந்துவிட்டார். கிடைத்த தொகை போதுமானதல்ல. ஆனாலும் கிடைத்தது. அந்த மேஸ்திரிக்கு அதற்குப் பின் அந்த முதலாளியிடம் வேலை இல்லாமல் போயிற்று. மனுக் கொடுத்திருக்கிற மூவரில் அவரும் ஒருவர். அவரை முதலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மற்ற இருவரைப் பற்றி அப்படிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒருவர் இன்னும் பழைய முன்பணத்தை வசூல் செய்துகொண்டிருக்கிறார் என்று பெண்கள் சொல்கிறார்கள். ஊரில் இருக்கிற கிழவியின் வீட்டுக்கு ஆள் விட்டுக் கேட்கிறாராம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்ட கடன் அந்தச் சட்டத்தின் முன் செல்லாது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு வெட்ட வருகிற பீட் ஜில்லாக்காரர்கள் 'உச்சல்' வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு ஆண்டு முகாதமிடம் கட்டுண்டு கிடப்பதைப் பார்த்து நாம் பரிதாபப்படுகிறோம். நம் கணக்கை நாம் முதலில் பார்க்க வேண்டாமா?

என் யோசனை இதுதான். ஆள் கட்டும் தொழிலை விட்டவரை உறுப்பினராகச் சேர்க்கலாம். ஆனால் சேரும்முன் நோட்டைச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும். யார் யாருக்கு என்ன பாக்கி, யாருடைய கூலியில் எவ்வளவு நிறுத்திவைத்தார், யாருடைய ஆதார் கார்டையும் பாஸ்புக்கையும் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அந்தந்தக் குடும்பத்தின் முன் வாசிக்கப்பட வேண்டும். நிறுத்திவைத்ததைத் திருப்பித் தர வேண்டும். ஒரேயடியாக முடியாவிட்டால் தவணை கேட்கட்டும், குடும்பங்கள் ஒப்புக்கொண்டால் சரி. முன்பணக் கடனை அடித்துவிட வேண்டும். நோட்டை எரிக்கச் சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். கூடாது, அது நமக்குச் சாட்சி. எந்த முதலாளியிடம் எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பதற்கு இந்த வட்டாரத்தில் வேறு சாட்சியே கிடையாது. நல வாரியத்தின் 90 நாள் சான்றுக்கும் அது உதவும்.

அப்படிக் கணக்குத் தீர்த்தவர் சங்கத்தின் உதவி மேஜையில் உட்காரட்டும். வாரிய மனு, ரேஷன் மாற்று, பள்ளிக்கூடச் சான்று, இறந்தவர் வீட்டுக்குச் சேர வேண்டிய பணம், இதற்கெல்லாம் அலைவதற்கு ஆள் இல்லை. நான் ட்யூட்டி முடிந்து வந்து இரவு பத்து மணிவரை எழுதியும் தீரவில்லை. அவருக்கும் வயிறு இருக்கிறது, ஆகவே சங்க நிதியிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை கொடுப்போம். மனுக் கொடுக்க வருகிறவரிடம் ஒரு ரூபாய் வாங்கினாலும் அன்றைக்கே வெளியேற்றுவோம். இந்தத் தொகைக்காகச் சந்தாவைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும். அதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். இப்போது தரகருக்குக் கொடுக்கிற ஆயிரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

கமிட்டியில் இடம் கேட்பவருக்கு? மூன்று ஆண்டு போகட்டும். அதுவரை பணம் கையாளும் பொறுப்பு எதுவும் வேண்டாம். சங்கத்தில் யார் ஆட்கள் என்று எண்ணுகிற வழக்கம் ஒருமுறை நுழைந்துவிட்டால் பின் அதை வெளியேற்றுவது மிகவும் கஷ்டம். மூன்று ஆண்டு கழித்து அவரிடம் கடன்படாத பத்துத் தொழிலாளர்கள், அதில் பாதிப்பேர் பெண்கள், அவர் பெயரை முன்மொழிந்தால் நானே வழிமொழிகிறேன்.

இதைப் பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். இதற்கிடையில், நஷ்டஈட்டு வழக்கில் நோட்டைக் கொடுத்த அந்த மேஸ்திரி மீதமுள்ள நான்கு நோட்டுகளையும் கிளை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார். அவற்றில் பெயருள்ள குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நமது பள்ளிப் பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள். ஊருக்குத் திரும்பிப் போய்விட்டவர்களின் முகவரி தெரிந்தவர்கள் எழுதிக் கொடுக்கவும்.